பெயரை மாற்றியும் தீராத வழக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு சட்டங்களைத் திருத்த வேண்டும், ஊழலை ஒடுக்க வேண்டும், 35 அத்தியாயங்களில் பேசி முடிக்க வேண்டும். வட மாசிடோனியா இதற்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இன்னும் உள்ளே போனபாடில்லை.

1991-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோதே கிரேக்கம் முட்டுக்கட்டை போட்டது. மாசிடோனியா என்பது தன் வட பகுதியின் பெயர், மாவீரன் அலெக்சாண்டர் தங்கள் ஆள் என்பது அதன் வாதம். ஒன்றியத்தில் புதிய உறுப்பினரைச் சேர்க்க, கிரேக்கம் உட்பட எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்ப வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் போச்சு. 2005-இல் வேட்பாளர் தகுதி கிடைத்தும் பேச்சுவார்த்தை தொடங்காததற்கு அதுதான் காரணம்.

2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில், மாசிடோனியப் பிரதமர் சோரன் ஸாயெவ், கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் முன்னிலையில் பெயர் மாற்ற உடன்பாடு கையெழுத்தானது. ஸ்கோப்யே விமான நிலையத்திலிருந்து அலெக்சாண்டரின் பெயர் அதற்கு முன்பே இறங்கியிருந்தது. அவர் பெயரிலிருந்த நெடுஞ்சாலைக்கும் ‘நட்பு’ என்று பெயர் மாற்றியிருந்தார்கள். உடன்பாட்டின் மீது மாசிடோனியாவில் நடந்த வாக்கெடுப்பில் 91 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், ஆனால் வாக்களிக்க வந்தவர்களோ 37 சதவீதம்தான். 2019 பிப்ரவரியில் கிரேக்க எல்லைச் சாவடியில் தொழிலாளர்கள் பழைய பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அடுத்த ஆண்டு நேட்டோவில் இடம் கிடைத்தது. அந்த மட்டில் லாபம்தான்.

ஆனால் 2019 அக்டோபரில் பிரான்ஸ் மறித்தது: சேர்க்கை முறையை முதலில் சீர்திருத்துங்கள் என்றது. அந்தத் தடை விலகிய சில மாதங்களில், 2020 நவம்பரில், பல்கேரியா குறுக்கே வந்தது. மாசிடோனிய மொழி பல்கேரியத்தின் ஒரு வழக்கே, புரட்சியாளர் கோட்சே டெல்செவ் பல்கேரியரே என்றது. 2022 ஜூலையில் பேச்சுவார்த்தை பெயரளவில் தொடங்கியது. அரசியல் சட்டத்தில் பல்கேரியர்களையும் ஓர் இனமாகச் சேர்த்தால்தான் மேலே நகரும் என்று நிபந்தனை. 2021 கணக்கெடுப்பின்படி 18 லட்சம் பேரில் அவர்கள் 3,504 பேர். எண்ணிக்கை சிறிதாயிற்றே, சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். பெயரைக் கொடுத்தும் பலன் காணாத மக்களிடம் இன்னொரு விட்டுக்கொடுப்பைக் கேட்டு எந்தக் கட்சி ஓட்டு வாங்கும்? 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 80 பேர் ஆதரவும் வேண்டும். 2024 தேர்தலில் வென்றது இந்தத் திருத்தத்தை எதிர்த்த கட்சிதான்.

உள்ளே வர ஆசைப்படும் நாடு திருந்தும் என்பதுதான் ஒன்றியத்தின் பலம். 1993-இல் வகுத்த கோபன்ஹேகன் நிபந்தனைகள் மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, சந்தைப் பொருளாதாரம் ஆகியவற்றைப் பற்றியவை. இறந்துபோன புரட்சியாளர் எந்த இனம் என்பது அவற்றில் இல்லை. அண்டை நாட்டின் பழைய பகைக்கெல்லாம் ஒன்றியம் முத்திரை குத்திக் கொடுத்தால், சீர்திருத்தம் பேசுபவர்கள்தான் உள்ளூரில் தோற்பார்கள்.

இவ்வளவு காலம் வட மாசிடோனியாவோடு ஒரே கட்டாக வைக்கப்பட்டிருந்த அல்பேனியாவை 2024-இல் தனியே பிரித்தார்கள். அந்த அக்டோபரில் அல்பேனியா முதல் தொகுதி அத்தியாயங்களைத் திறந்துவிட்டது.