கைவிடப்பட்ட நிரலும் பங்குச் சந்தையும்

பங்குகளை எப்போது, என்ன விலைக்கு, எத்தனை வாங்குவது அல்லது விற்பது என்பதைக் கணித மாதிரிகளைக் கொண்டு முடிவு செய்வது அளவுசார் நிதியியலின் ஒரு பகுதி. அம்முடிவுகளை நிரலாக எழுதிச் சந்தையோடு இணைத்து, நாள்தோறும் பிழையின்றி இயக்குவது மென்பொருள் உருவாக்குநரின் பணி. விரைந்து இயங்கும் நிரலை எழுதுவதே இப்பணியின் உச்சம் எனப் பலரும் கருதினாலும், மூத்த உருவாக்குநரின் தேர்ச்சி, பழைய நிரலை அகற்றுவதிலும் புதியதை நிறுவுவதிலும் அவர் காட்டும் கவனத்தில்தான் வெளிப்படுகிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று.

நியூயார்க் பங்குச் சந்தை அன்று தொடங்கிய ஒரு திட்டத்துக்காக, வாடிக்கையாளரின் ஆர்டர்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சந்தைகளுக்கு அனுப்பும் தன் மென்பொருளை அந்நிறுவனம் மாற்றியமைத்திருந்தது. அதனுள் 'பவர் பெக்' என்னும் பகுதி 2003-லேயே கைவிடப்பட்டும் நீக்கப்படாமல் கிடந்தது. வேண்டிய பங்குகள் கிடைத்துவிட்டனவா எனக் கணக்கிட்டு, கிடைத்ததும் ஆர்டரை நிறுத்தும் கூறு 2005-ல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டபோது, பவர் பெக் மறுபடி சோதிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, நிரலின் எப்பகுதி இயங்க வேண்டும் என்று உணர்த்தும் குறியான 'கொடி', பவர் பெக்குக்கு உரியதாக இருந்தும், புதிய நிரலுக்கும் அப்படியே எடுத்தாளப்பட்டது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் நிறுவப்பட்டது; எட்டாவது விடுபட்டதை எவரும் கவனிக்கவில்லை.

காலை 9.30-க்குச் சந்தை திறந்ததும், கொடி தாங்கிய ஆர்டர்கள் எட்டாவது சர்வரில் பவர் பெக்கை இயக்கின. நிறுத்தும் கூறு இல்லாமையால் அது ஓயாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. கோளாறைத் தேடியவர்கள் சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கிவிட, அவற்றிலும் பழைய நிரலே ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில், வெறும் 212 ஆர்டர்களை நிறைவேற்ற முயன்ற மென்பொருள், 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிமாற்றங்களைச் செய்தது; இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது.

வருந்தத்தக்கது என்னவெனில், சந்தை திறக்கும் முன்பே பவர் பெக்கின் பெயரைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தன; அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாததால் எவரும் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்கவில்லை. 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்த அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம், நிறுவப்பட்ட நிரலை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் எழுத்துவடிவ நடைமுறை அந்நிறுவனத்தில் இல்லாததையும் தன் ஆணையில் பதிவு செய்தது.