மின்சாரம் போனால் யாரைக் கேட்பது?

மே மாதம் பிறந்துவிட்டால் சங்கத்துக்கு வரும் அன்பர்களிடம் ஒரே பேச்சுதான்: "உங்க பக்கம் கரண்ட் இருக்கா?" புகார் எண்ணுக்குப் போன் செய்தால் "ஆள் கிளம்பியாச்சு" என்பார்கள். ஆள் வந்தபாடில்லை. ஊருக்குப் புதிதாக வந்த, ஹிந்தி சரளமாகப் பேச வராத குடும்பங்களின் பாடு இன்னும் கஷ்டம்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு மின் தொகுப்பு சரிந்து, இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்து, ரயில்கள் நடுவழியில் நின்றனவே, அது வேறு. நம் தெருவில் வாரம் இரண்டு முறை போவது வேறு. இது பெரும்பாலும் டிரான்ஸ்பார்மருக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நோய். வீட்டுக்கு இரண்டு மின்விசிறி இருந்த காலத்தில் வைத்த டிரான்ஸ்பார்மர், இன்று வீட்டுக்கு இரண்டு ஏ.சி.யைச் சுமக்கிறது. கேபிள் ஜாயின்ட் சூடாகி ஒருநாள் வெடிக்கிறது.

இதைவிட ஆபத்து, நியூட்ரல் கம்பி விட்டுப்போவது. மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான திரும்பு வழி அது. அது அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும். அடுத்த வீட்டில் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும். எங்கள் குடியிருப்பில் இப்படி ஒரே இரவில் நான்கு பிரிட்ஜ்கள் போயின. விளக்குகள் திடீரென்று கண்ணைப் பறிக்கும்படி எரிந்தால் யோசிக்காமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

"லைனில் அப்படித்தான் ஆகும்" என்று நிறுவனம் கைகழுவியது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57வது பிரிவு, சேவைத் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. தவறினால் நஷ்டஈடும் உண்டு. 42வது பிரிவின்படி ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர் மன்றம் வைத்தாக வேண்டும். நிறுவனமே அமைக்கும் மன்றம் என்பதால் நாத்தனார் மேல் உள்ள புகாரை மாமியாரிடம் சொல்வது போலத்தான். ஆனாலும் அந்தப் படியைத் தாண்டினால்தான் ஆணையம் நியமித்த குறைகேள் அதிகாரியிடம் போகமுடியும். கட்டணத்தை உயர்த்தக் கேட்டு வரும் மனுவில் காட்டும் அக்கறையில் பாதியை ஆணையங்கள் இந்தத் தரக்கணக்கில் காட்டினால் நமக்கு இவ்வளவு அலைச்சல் இராது என்பது என் அபிப்பிராயம்.

பில் தகராறு என்றால் 56வது பிரிவு முக்கியம். 15 நாள் எழுத்துமூல நோட்டீஸ் தராமல் பாக்கிக்காக இணைப்பை வெட்டக்கூடாது. கேட்ட தொகை, முந்திய 6 மாத சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் குறைவானதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை வெட்ட முடியாது. மீட்டர் ஓட்டத்தில் சந்தேகமென்றால், 2024இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் தந்த 5 நாளில் கூடுதல் மீட்டர் ஒன்று வைத்து 3 மாதமாவது ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

நாங்கள் நான்கு வீட்டாரும் போன தேதி, நேரம், வந்த நேரம், புகார் எண் எல்லாம் ஒரு நோட்டில் குறித்திருந்தோம். இது என் ரயில்வே பழக்கம். மூன்றாவது விசாரணையில் அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் ஜாயின்டை மாற்றினார்கள். நஷ்டத்தில் ஒரு பகுதியைப் பில்லில் கழித்தார்கள். வக்கீல் யாரும் தேவைப்படவில்லை.

மனு எழுதத் தயங்கும் அன்பர்கள் கடைசி ஆறு பில்களுடன் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு வந்தால் எழுதித் தருகிறேன்.