ரூபி மொழியில் திறவுச்சொல் அணிவழி மதிப்புகளைக் கூட்டல்: சென்னைக் குடிநீர் ஏரிகளை முன்வைத்து

முன்னுரை

ஏரியின் பெயரைத் திறவுச்சொல்லாகவும் அதன் முழுக் கொள்ளளவை மதிப்பாகவும் இணைத்துச் சேமிக்கும் தொகுப்பை ரூபி நிரல்மொழி ‘ஹேஷ்’ என வழங்குகிறது. அத்தொகுப்பிலிருந்து வேண்டிய பெயர்களுக்குரிய மதிப்புகளை மட்டும் கூட்டும் முறையையும், தமிழ்ப் பெயர்கள் திறவுச்சொல்லாகும்போது அதில் நேரக்கூடிய பிழையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கூட்டும் முறை

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளின் கொள்ளளவு, மில்லியன் கன அடியில், பூண்டி 3231, சோழவரம் 1081, புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645, கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை 500 என அமைகிறது. இவற்றுள் முதல் மூன்றும் கால்வாயால் இணைந்தவை. கொசஸ்தலையாற்று நீர் பூண்டியில் தேங்கி ஏனைய இரண்டையும் அடைகிறது. இம்மூன்றின் பெயர்களையும் ஓர் அணியில் இட்டு, உடுக்குறியால் விரித்து, ‘வேல்யூஸ்_அட்’ என்னும் செயற்கூறுக்கு அளித்தால் மதிப்புகள் அதே வரிசையில் கிடைக்கும். அவற்றின்மீது ‘சம்’ செயற்கூறை இயக்க, 7612 என்னும் விடை பெறப்படும்.

இல்லாத திறவுச்சொல்

தொகுப்பில் இல்லாத பெயருக்கு ‘வேல்யூஸ்_அட்’ பொதுவாக ‘நில்’ எனும் வெறுமையைத் தரும். எண்ணோடு வெறுமையைக் கூட்ட இயலாமையால் நிரல் பிழை காட்டி நிற்கும். இதனைத் தவிர்க்க வெறுமையை நீக்குவதும், இல்லாத பெயருக்குச் சுழியத்தை இயல்மதிப்பாக வைப்பதும் வழக்கில் உள்ளன. இவ்விரண்டிலும் நிரல் தடையின்றி இயங்கும். விடை மட்டும் குறையும்.

தமிழ் எழுத்துச் சிக்கல்

‘சோழவரம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், ஏகாரக் குறி, கால் என இரு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ரூபிக்கு அவை வெவ்வேறு சரங்கள். தொகுப்பில் ஒரு வடிவமும் அணியில் மற்றொரு வடிவமும் இருப்பின் சோழவரம் ‘இல்லாத’ ஏரியாகிவிடும். சுழியம் இயல்மதிப்பாக இருந்தால் விடை 6531 என வரும். 1081 மில்லியன் கன அடி கணக்கிலிருந்து மறைந்ததை எந்த அறிவிப்பும் உணர்த்தாது. பல மூலங்களிலிருந்து திரட்டப்படும் ஊர்ப்பெயர், சொல்லடைவு, கல்வெட்டுத் தரவுகளுக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

தொகுப்பின் திறவுச்சொற்களையும் அணியின் பெயர்களையும் ‘யூனிகோட்_நார்மலைஸ்’ கொண்டு முதலில் ஒரே வடிவாக்க வேண்டும். பின்னர், ‘வேல்யூஸ்_அட்’ என்பதற்கு மாற்றாக ‘ஃபெட்ச்_வேல்யூஸ்’ செயற்கூறைப் பயன்படுத்தினால், இல்லாத திறவுச்சொல்லைப் பெயர் சுட்டி நிரல் நின்றுவிடும். பிழை காட்டி நிற்கும் நிரலைத் திருத்தலாம். குறைந்த விடையை அமைதியாகத் தரும் நிரலோ ஆய்வு முடிவையே திரித்துவிடும்.