ஹெராயின்: உடல் எத்தனை நாளில் பழகுகிறது?

ஹெராயினுக்கு உடல் பழகிப்போக எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு மருத்துவத்தில் மூன்று விடைகள் உண்டு, மூன்றுமே சரி. முதல் வேளையிலேயே பழகத் தொடங்கிவிடுகிறது என்பது ஒன்று. தினமும் எடுத்தால் ஓரிரு வாரங்களில், சிலருக்கு அதற்கும் முன்பே, நிறுத்தும்போது உடல் படுத்த ஆரம்பிக்கும் என்பது இன்னொன்று. போதைக்கு அடிமையாதல் என்று டாக்டர்கள் சொல்லும் நோய் வர மாதங்கள் ஆகலாம், ஆண்டுகள் ஆகலாம், சிலருக்கு வராமலே போகலாம் என்பது மூன்றாவது. 'ஒரே ஒரு தடவை போதும், வாழ்க்கை முடிந்தது' என்று பள்ளி விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்வது இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்த பையன் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஒன்றும் ஆகாமல் எழுந்தால், சொன்னவர்கள் எல்லாமே பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறான். அந்த முடிவுக்குப் பிறகு வரும் பத்துப் பதினைந்து நாள்களில்தான் உடல் தன் வேலையைச் செய்து முடிக்கிறது.

ஹெராயின் செய்யப்படுவது மார்ஃபினிலிருந்து. மார்ஃபின் எடுக்கப்படுவது அபினிலிருந்து. 1874-ல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் முதலில் இதைத் தயாரித்தார். 1898-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபின் அளவுக்குப் பழக்கமாகாது என்பது அப்போதைய விளம்பரம். 1913-ல் அதே நிறுவனம் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் தெருவில் விற்கப்படுவது பெரும்பாலும் 'பிரவுன் சுகர்' எனப்படும் கலப்படத் தூள். இலங்கையில் அதன் பெயர் 'குடு'.

ஊசியில் ஏற்றினாலும், ஜிகினாத் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்தாலும், சில நொடிகளில் ஹெராயின் மூளையை எட்டிவிடும். ரத்தத்தில் அது ஹெராயினாகவே நீடிப்பது சில நிமிடங்கள்தான். அதன்பின் மார்ஃபினாக மாறி, நாலைந்து மணி நேரம் வேலை செய்யும். வேகமாக ஏறி வேகமாக இறங்கும் இந்தத் தன்மைதான் பழக்கத்தின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. தொடர்ந்து அதே நிலையில் இருக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை எடுக்க வேண்டும். அப்படி எடுப்பவரின் மூளைக்கு மருந்தில்லாத நேரம் என்று ஒன்று கிடைப்பதே இல்லை.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்ன நரம்பணுத் திரள் ஒன்று இருக்கிறது. விழிப்பு, பதற்றம், இதயத் துடிப்பு, வியர்வை ஆகியவற்றைத் தூண்டும் நார்அட்ரினலின் பெரும்பாலும் இங்கிருந்துதான் மூளைக்குப் போகிறது. அபின் வகை மருந்துகள் இந்த அணுக்களை அடக்கிவைக்கும். அடங்கிக் கிடக்க அணுக்களுக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கும் வேதியியல் பொறிகளைக் கூடுதலாக முடுக்கி, மருந்து இருக்கும்போதே பழைய அளவுக்கு வேலை செய்யப் பார்க்கும். டெல்டாக்காரர்களுக்கு இதை மதகை வைத்துச் சொல்லலாம். பலகையை இறக்கினால் வாய்க்காலில் ஓட்டம் குறையும், ஆனால் மேலே தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். பலகைக்கு மேல் வழியத் தொடங்கியதும் இன்னொரு பலகை போட வேண்டியிருக்கும். அதே விளைவுக்கு அதிக மருந்து தேவைப்படுவது, அதாவது தாங்குதிறன் கூடுவது, அப்படித்தான். எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் தூக்கிவிட்டால் கீழே கரை தாங்காது.

கரை உடைவது எப்படி இருக்கும் என்பதை வீட்டில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரியாமல். கடைசி வேளை எடுத்து எட்டு மணி நேரம் வாக்கில் தொடங்கும். முதலில் அடக்க முடியாத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், தும்மல் வரும். வியர்த்துக்கொண்டே குளிரும், கையில் மயிர் கூச்செறிந்து நிற்கும். கண்மணி விரிந்திருக்கும். இரவில் முதுகும் காலும் குடையும், கால் தன்னால் உதறும், தூக்கம் துளியும் வராது. இரண்டாம், மூன்றாம் நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்தில், அதிகம் போனால் பத்து நாளில், உடல்சார்ந்த தொந்தரவு பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கமின்மையும் சோர்வும் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். 'ஃபுளு காய்ச்சல்' என்று அம்மா கஷாயம் போட்டுக் கொடுப்பதும், 'கண்டதைத் தின்றிருப்பான்' என்று அப்பா திட்டுவதும் இந்தக் கட்டத்தில் சகஜம். முதல் தடவை என்றால் அந்தப் பையனுக்கே இது காய்ச்சல் என்றுதான் தோன்றும். அடுத்த வேளையை எடுத்ததும் எல்லாம் சட்டென்று மறையும்போதுதான் அவனுக்கு விஷயம் புரிகிறது. இந்த வேதனை பெரும்பாலும் உயிரை வாங்குவதில்லை. ஆனால் நீரிழப்பைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

முதல் வேளையிலேயே பழக்கம் தொடங்குகிறது என்பது எப்படித் தெரிந்தது? அபின் வகை மருந்தை, நரம்பணுக்களில் அது ஒட்டும் இடங்களான ஏற்பிகளிலிருந்து சில நிமிடங்களில் தள்ளிவிடும் எதிர்மருந்துகள் இருக்கின்றன. நலாக்ஸோன் அவற்றில் இன்று அதிகம் தெரிந்தது. ஏறிய நீர்மட்டத்தை அளக்க, பலகையை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்ப்பது போன்ற சோதனை இது. 1950-களில் அமெரிக்காவின் லெக்சிங்டனில், சில நாள்கள் மட்டுமே மார்ஃபின் பெற்றவர்களுக்கு இப்படிப்பட்ட எதிர்மருந்தைக் கொடுத்தபோது, பழைய அடிமைகளிடம் காணும் அதே அறிகுறிகள் தென்பட்டன. (சோதனைக்கு உட்பட்டவர்கள் கைதிகள், பரிசாகப் போதை மருந்தே தரப்பட்டது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) 1980-களில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் கீழே போனார்கள்: மார்ஃபின் ஒரே ஒரு வேளை, சில மணி நேரம் கழித்து நலாக்ஸோன். அப்போதும் கொட்டாவி, குமட்டல், அமைதியின்மை என்று இலேசான அறிகுறிகள் வந்தன. நலாக்ஸோன் கொடுக்காமல் விட்டிருந்தால் அவர்களில் யாரும் எதையும் உணர்ந்திருக்க மாட்டார்கள். அளவிடக்கூடிய மாற்றத்துக்கும் ஆள் உணரும் வேதனைக்கும் இடையே இருக்கும் தூரம் இதுதான்.

அந்தத் தூரம் எத்தனை நாள் என்பதற்கு மருத்துவமனைகளே சாட்சி. தீவிர சிகிச்சைப் பிரிவில் மார்ஃபினோ ஃபெண்டனிலோ தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு, திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வருவது சாதாரணம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல், இவ்வகை மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து கொடுத்திருந்தாலே படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்கிறது. தெருச் சரக்கைப் பொறுத்தவரை கணக்கு ஒரே மாதிரி இருக்காது. ஊசியா புகையா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, தூளில் எவ்வளவு ஹெராயின், எவ்வளவு கலப்படம் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு வாரம், இன்னொருவருக்கு மூன்று வாரம். இடைவெளி விட்டு எடுப்பவருக்கு இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளி தானாகச் சுருங்கும் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

திருக்கடையூர், தரங்கம்பாடி, பூம்புகார் என்று நீளும் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது வேறு ஊர்க் கதையாகத் தோன்றலாம். ஹெராயின் பெரும்பாலும் ஆழ்கடலில் போகிற சரக்கு. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே இலங்கைப் படகு ஒன்றில் கடலோரக் காவல் படை பிடித்தது சுமார் 100 கிலோ. வேதாரண்யம் பக்கம் அடிக்கடி பிடிபடுவது இலங்கைக்குப் போகும் கஞ்சா. ஆனால் ஹெராயின் போய் ஒட்டும் அதே ஏற்பியில் ஒட்டும் மாத்திரைகள் தமிழ்நாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத டாபென்டடால் என்ற வலி மாத்திரையை வாங்கி, தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய செய்தி வராத வாரம் இல்லை என்றே சொல்லலாம். இன்னொரு வலி மாத்திரையான டிரமடாலை மத்திய அரசு 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 2.06 சதவீதம் பேர், அதாவது சுமார் 2.26 கோடிப் பேர், அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஹெராயின் 1.14 சதவீதம், மருந்துக்கடை மாத்திரைகள் 0.96 சதவீதம். இரண்டுக்கும் இடையே பெரிய தூரமில்லை. உறையில் அச்சடித்த மாத்திரை என்பதால் 'இது தூள் மாதிரி இல்லை' என்று நினைக்கிறவருக்கும் அதே கொட்டாவி, அதே கால் உதறல்தான் காத்திருக்கிறது.

அதே மாத்திரைகள் நியாயமான கைகளிலும் இருக்கின்றன. அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் திருக்கடையூர் வரும் பெரியவர்களில், மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகோ முதுகுத்தண்டு வலிக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்த டிரமடாலைச் சில மாதங்கள் சாப்பிட்டவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் உடலும் பழகியிருக்கும்; சட்டென்று நிறுத்தினால் வியர்க்கும், வயிறு கலங்கும். ஆனாலும் அவர்களை யாரும் போதை அடிமை என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. டாக்டர் மேற்பார்வையில் எடுப்பவரிடம் தாங்குதிறன் கூடுவதையும் விலகல் அறிகுறிகளையும் வைத்து மட்டும் நோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு. உடல் பழகுவது உடலியல். தீங்கு கண்ணெதிரே தெரிந்தும் தேடிப்போவது, வேலையையும் வீட்டையும் அதற்காக விடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது ஆகியவற்றைச் சேர்த்துத்தான் அடிமைத்தனம் என்கிறார்கள்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய பெரிய சான்று வியட்நாமிலிருந்து வந்தது. அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே, சிகரெட்டில் வைத்துப் புகைக்கும் அளவுக்குத் தூய்மையான ஹெராயின் மலிவாகப் பரவியது. 1971 செப்டம்பரில் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். வாஷிங்டனில் பெரும் பீதி. ஆனால் அப்படி அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானோர் சுமார் 5 சதவீதம். மூன்றாண்டுக்குள் 12 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேர் ஊரிலும் தொட்டுப் பார்த்திருந்தும் இந்த நிலை. அவர்கள் உடல் பழகியது பொய்யில்லை. போர்க்களமும் கூட்டாளிகளும் விற்றவனும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது பெரிய காரணம். பத்து நாள் போதை மீட்பு மையத்தில் இருந்துவிட்டு, உடம்பு தேறியதும் அதே தெரு முனைக்கு அதே நண்பர்களிடம் திரும்பி வரும் இளைஞருக்கு அந்த வசதி கிடையாது. சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் மறுபடி தொடுவதற்கு அவர்களுடைய மனவுறுதியை மட்டும் குறைசொல்வது அநியாயம்.

இரண்டாம் முறை பழகுவது முதல் முறையைவிட வேகமாக நடக்கும். முன்பு வாரங்கள் எடுத்த இடத்தில் சில நாள்கள் போதும். இதைவிடக் கொடியது தாங்குதிறன் குறைவது. சிறையிலோ மையத்திலோ சில வாரங்கள் இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். மூச்சு மெதுவாகி நின்றுபோகும் இந்த மரணங்கள் வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம். பூட்டிய அறையில் பட்டினி போட்டுப் 'பழக்கத்தை முறிக்கும்' வீட்டு வைத்தியம் தெரியாமல் செய்வது இந்த மரணத்துக்கான தயாரிப்பைத்தான்.

சட்டம் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுக்கிறது. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். ஹெராயினில் சிறிய அளவு என்பது 5 கிராம். தமிழ்நாடு அரசு 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. மத்திய அரசின் உதவி எண் 14446.

சிகிச்சையில் முதல் கேள்வியும் நேரம் பற்றியதே. நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை அதே ஏற்பியில் இறுக ஒட்டிக்கொண்டு, பாதி அளவுக்கு மட்டும் வேலை செய்யும். ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால் அதை வெளியே தள்ளி, நலாக்ஸோன் போலவே வேதனையை வரவழைத்துவிடும். அதனால் கடைசி வேளைக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் காத்திருந்து, கண்மணி விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், நாடித் துடிப்பு எனப் பதினொரு குறிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்து, அறிகுறிகள் தெளிவாக வந்தபின்தான் முதல் மாத்திரையைக் கொடுப்பார்கள். அதன்பின் தினமும் ஒரு வேளை, மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில். அத்தனை காலமும் உடல் அபின் வகை மருந்துக்குப் பழகியேதான் இருக்கும். ஆனால் ஆள் வேலைக்குப் போவார், இரவில் தூங்குவார். ஊசியும் அதனோடு வரும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளின் ஆபத்தும் பெருமளவு குறையும். நிறுத்துவது என்று முடிவானால் அளவைச் சிறிது சிறிதாக, பல வாரங்களில், சிலருக்குப் பல மாதங்களில் குறைப்பார்கள்.