விவாகரத்து: ஜாயின்ட் ஹோம் லோனை மீடியேஷன்ல பிரிக்கும்போது இதை மறக்காதீங்க!

கணவன், மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. ஃபிளாட்டும் ஹோம் லோனும் ஜாயின்ட் பேர்ல இருக்கு. பிரியலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. இனி இஎம்ஐ யார் கட்டுறது?

கோவா மாதிரி சில இடங்கள் தவிர, நம்ம நாட்டுல திருமணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தைப் பாதிப் பாதியா பிரிக்கிற சட்டம் இல்லை. யார் பேர்ல இருக்கு, யார் பணம் போட்டாங்கன்னு கோர்ட்ல நிரூபிக்கணும். அது வருஷக்கணக்குல இழுக்கலாம். அதுக்கு மாற்றுதான் மீடியேஷன், அதாவது சமரசப் பேச்சு.

எப்படி நடக்கும்?

மீடியேட்டர் தீர்ப்பு சொல்ல மாட்டார். நீங்களே பேசி முடிவெடுக்க உதவுவார். அங்க பேசுறது ரகசியம். பேச்சு முறிஞ்சாலும் அதை கோர்ட்ல ஆதாரமா காட்ட முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்துல 2005-லேயே இதுக்குத் தனி மையம் வந்துடுச்சு. குடும்ப நல நீதிமன்றமே உங்க வழக்கை சமரசத்துக்கு அனுப்பலாம்.

ஒரு உதாரணக் கணக்கு

ஃபிளாட் மதிப்பு: 80 லட்சம்
லோன் பாக்கி: 50 லட்சம்
மிச்சம்: 30 லட்சம், ஆளுக்கு 15 லட்சம்

ஃபிளாட் மனைவிக்குன்னா, அவங்க லோனை ஏத்துக்கிட்டு கணவருக்கு 15 லட்சம் தரணும். கையில அவ்வளவு இல்லை. ஜாயின்ட் எஃப்டி 10 லட்சத்துல தன் பங்கு 5 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறாங்க. மீதி 10 லட்சத்தை ரெண்டு தவணையா தர்றாங்க. இப்படி வளைஞ்சு கொடுத்துப் பேச மீடியேஷன்ல இடம் இருக்கு.

இங்கதான் பலர் மாட்டிக்கிறாங்க

"இனி இஎம்ஐ மனைவி கட்டுவார்"னு ஒப்பந்தத்துல எழுதினா மட்டும் போதாது. அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள ஒப்பந்தம். பேங்க் அதுல கையெழுத்து போடலை. அவங்க இஎம்ஐ தவறினா கணவரோட சிபில் ஸ்கோரும் அடிவாங்கும், பேங்க் அவரையும் கேட்கும்.

அதனால லோனை ஒருத்தர் பேருக்கு மாத்த வேண்டிய கடைசி தேதியை எழுதுங்க. ஒருத்தர் சம்பளத்துக்கு மட்டும் 50 லட்சம் லோன் கிடைக்குமான்னு பேங்க்ல முன்னாடியே கேளுங்க. கிடைக்கலைன்னா ஃபிளாட்டை வித்துடணும்னும் சேர்த்து எழுதுங்க. ஃபிளாட் பங்கை மாத்தித் தர்ற பத்திரப்பதிவு எப்போ, செலவு யாருதுன்னும் அதுலயே வரணும்.

இன்னும் மூணு விஷயம்

1. ஜீவனாம்சம் மொத்தமா வந்தா பொதுவா வரி இல்லை. மாசாமாசம் வந்தா வாங்குறவங்களுக்கு அது வருமானம்.
2. மனைவியோட சீதன நகை அவங்க சொத்து. பங்கு பிரிக்கிற கணக்குல சேர்க்காதீங்க.
3. பிஎஃப், இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் நாமினி தானா மாறாது. நீங்கதான் மாத்தணும்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. உறவு முடிஞ்சாலும் லோன் இன்னும் 15 வருஷம் ஓடலாம், நண்பர்களே!