ஏறிய கியரில் இறங்கு!

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றவர்கள் அச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். பயணிகள் பலரும் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். நானோ ஓட்டுநரின் இடது கையையும் இடது காலையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்து, கியர்க் கம்பியைத் தள்ளுகிறாரே, அப்போது உள்ளே நடப்பது என்ன? இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

வண்டியின் இயந்திரம் மிக மெதுவாகச் சுழல முடியாது. சுழற்சி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். ஆனால் நின்ற நிலையிலிருந்து புறப்படவும் மேடு ஏறவும் சக்கரம் மெதுவாகச் சுழல வேண்டும். டார்க் எனப்படும் முறுக்கு விசையும் மிகுதியாக வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே கியர். 20 பற்கள் உள்ள சக்கரம் 60 பற்கள் உள்ள சக்கரத்தைச் சுழற்றுவதாகக் கொள்வோம். பெரிய சக்கரத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். முறுக்கு விசையோ, உராய்வு இழப்பு நீங்கலாக, மூன்று மடங்காகும். திறன் மட்டும் பெருகுவதில்லை. விசை வேண்டுமானால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கிளட்ச் என்பது இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே உள்ள உராய்வுத் தட்டு. மிதித்தால் இணைப்பு விலகும்; விட்டால் சேரும். மெல்ல விடும்போது தட்டு சற்றே வழுக்கி, இரு பக்க வேகமும் சமமாகிறது. சட்டென்று விட்டால் வண்டி குலுங்கி நின்றுவிடும். பற்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கிச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு 1928இல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் வந்தது. அந்த அமைப்பு இல்லாத வண்டிகளில் ஓட்டுநர் கிளட்சை இருமுறை மிதித்து, காதால் கேட்டே வேகத்தைச் சமன் செய்ய வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. 10 டன் எடையுள்ள பேருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், சுமார் 10 கோடி ஜூல் நிலை ஆற்றலை இழக்கிறது. 340 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இவ்வளவு வெப்பத்தையும் பிரேக்கே தாங்க வேண்டுமென்றால் அது காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் சக்கரம் இயந்திரத்தை இழுத்துச் சுழற்ற வேண்டியிருக்கும். ஏறும்போது விசையைப் பெருக்கிய அதே பற்சக்கரம், இறங்கும்போது இயந்திரத்தின் தடையைப் பெருக்கிக் கொடுக்கிறது.

டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் இறங்குவதுண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும். மிச்சமும் இல்லை, தற்கால இயந்திரங்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ, இயந்திரம் அணையாதிருக்கவேனும் எரிபொருள் செலவாகிறது.

லாரி ஓட்டுநரான என் தந்தை இந்தக் கணக்கைப் படித்தவரல்லர். "ஏறுன கியர்லயே எறங்கோணும் கண்ணு" என்று நான் சிறுவனாக இருந்தபோதே சொல்வார். ஏன் என்று கேட்டால், "வண்டி புடிச்சுக்கும்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த இயற்பியல் எனக்கு இங்கே வகுப்பில்தான் விளங்கியது. விளக்கிச் சொன்னபோது அவர் சிரித்தார். "செரி, நீ ஓட்டிக் காட்டு" என்றார்.

எல்.எல்.ஆர். எடுத்து, சென்ற விடுமுறையில் ஓர் பொட்டல் வெளியில் அவர் அருகில் இருக்க ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறை வண்டி நின்றது! சூத்திரம் அறிந்த எனக்குக் கால் பழகவில்லை. "மீட்டரப் பாக்காத, சத்தத்தக் கேளு" என்றார். நான்காம் முறை வண்டி நகர்ந்தது.

தானியங்கி கியரும் மின்சார வண்டிகளும் வந்துவிட்ட நாளில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவை நல்லவையே. ஆயினும் நம் சாலைகளில் இன்றும் கியர்க் கம்பி பிடித்த கைகளே பல்லாயிரம் உயிர்களைச் சுமந்து மலையிறங்குகின்றன. நான் நூலில் படித்ததை என் தந்தை கையால் அறிந்திருக்கிறார். இரண்டையும் ஒருங்கே பெற வேண்டும் என்பதே என் ஆசை. அடுத்த முறை மலையிறங்கும்போது, நண்பர்களே, நீங்களும் அந்தச் சத்தத்தைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள்.