பெயரைப் பார்த்து வாங்கிய கார்புரேட்டர்

திருப்பூருக்குப் பின்னலாடை வாங்க வருபவர் கழுத்துப்பட்டி லேபிளை நம்பி விலை பேசுவதில்லை. துணியை வட்டமாக வெட்டி எடைபோட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்த பிறகே பேசுவார். அதே ஊர்க்காரனான நான், பழைய அம்பாசிடருக்குக் கார்புரேட்டர் வாங்கியபோது சோலெக்ஸ் என்ற பெயரையும் பளபளப்பையும் மட்டுமே பார்த்தேன். ஐடிலிங் நிற்கவில்லை.

சோலெக்ஸ் பிரான்ஸ் நாட்டுப் பெயர். உரிமம் பெற்றுச் சென்னையிலும் அதைத் தயாரித்தார்கள்; எனவே, உள்நாட்டில் வார்த்தது என்பதாலேயே ஒன்று போலியாகிவிடாது. மெயின் ஜெட்டில் 120 என்றிருந்தால் துளை 1.20 மி.மீ. ஆனால், யாரோ கம்பி விட்டுக் குடைந்திருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பிரிட்டனின் எஸ்.யு. வகையில் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் 'டக்'கென்று விழ வேண்டும். தயங்கினால் ஊசி ஜெட்டில் உரசக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது திராட்டில் தண்டு. அது பக்கவாட்டில் ஆடினால், தேய்ந்த இடைவெளி வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவையை மெலியச் செய்யும். எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை. நான் வாங்கியதில் இதுதான் குறை. பாலிஷ் போட்டவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

குறையை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில் நல்ல பொருளுக்கும் உரிய விலை கிடைக்காது, அதை வைத்திருப்பவர் விலகிக்கொள்வார் என்று 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்தியவன் நான்.

தண்டுக்குப் புதிய பித்தளை புஷ் அடித்துக் கொடுத்த மெக்கானிக் கேட்டார்: "வாங்கறப்பவே ஆட்டிப் பாக்கலீங்களா சார்?"